பதினேழாம் கேள்வியில் ஓர் அடித்தல்

நவம்பர் 17, திங்கள்

தூறல். தொப்பூர் கணவாயில் பனிமூட்டம். பஸ் இருபது நிமிடம் தாமதம். முன்னால் ஒரு லாரி சாய்ந்து சாலையெங்கும் வெங்காயம். யாருக்கும் அடி இல்லை. பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிப் பொறுக்கினார்கள். நான் இறங்கவில்லை. ஆசிரியை என்பதால். பை கொண்டு போகாததும் ஒரு காரணம்.

வாங்க: சிவப்பு ரீஃபில் 2, இவருக்கு இருமல் மருந்து. குடைக் கம்பி.

ஒன்பதாம் வகுப்புக்குத் திங்கள் தேர்வு. கணிதம், இருபது மதிப்பெண். மு.ரா. வழக்கம்போல் இருபது. (மு.ரா. என்றால் முதல் ராங்க். வகுப்பில், ஆசிரியர் அறையில், இந்த நோட்டில், மூன்று வருடமாக அவளுக்கு இதுதான் பெயர்.) வழக்கம்போல் அவளையே எழுந்து நின்று எல்லோருடைய மதிப்பெண்ணையும் கடைசியிலிருந்து வாசிக்கச் சொன்னேன். நானே கண்டுபிடித்த முறை. கடைசியில் இருப்பவனுக்கு வெட்கம், முதலில் இருப்பவளுக்கு ஊக்கம், எனக்கு ஐந்து நிமிடம் ஓய்வு. சபரிக்கு மூன்று. அவன் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டான். வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

மு.ரா. வாயில் கிராம்பு வாசனை. பல்வலியா என்றேன். "ஆமாங்க மிஸ்." பல்வலியோடு இருபது வாங்குகிறாளே, உங்களுக்கெல்லாம் என்ன வலி என்று மற்றவர்களைக் கேட்டேன்.

ரீஃபில் வாங்க மறந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மேகம் மட்டும். த.ஆ. (தலைமை ஆசிரியர்) கூப்பிட்டு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். சேலத்தில் ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் விட்டுப் போனதாம். வளரிளம் பருவத்தினரின் ஆளுமைப் பண்புகளுக்கும் மதுப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு. நாற்பது கேள்விகள், டிக் செய்தால் போதும். கூடவே குறிப்பு: மாணவர் பெயர் எழுதக் கூடாது, தள்ளித் தள்ளி உட்கார வைக்கவும், ஆசிரியர் வகுப்பறைக்குள் இருக்க வேண்டாம்.

த.ஆ. குறிப்பைப் படித்துச் சிரித்தார். "டீச்சர் இல்லாம முப்பத்தெட்டு பேரும் நாப்பது கேள்விக்கு டிக் போடுவானுங்களா? பாவம், அந்தப் பொண்ணுக்கு ஸ்கூலே தெரியல. நீங்க கூடவே இருந்து முடிச்சுக் குடுத்துருங்க டீச்சர். தள்ளி உக்கார வெக்கறதுக்கு பெஞ்சு எங்க இருக்குது?"

மதியம் தாளைப் படித்தேன். உலகத்துப் பிள்ளைகள் நான்கு வகை. ஆபத்தைத் தேடிப் போகிறவர். யோசிக்காமல் செய்கிறவர். எதிலும் நம்பிக்கை விட்டவர். நெஞ்சு படபடத்தால் செத்துவிடுவோம் என்று நினைக்கிறவர். ஆசிரியர் அறையில் எல்லோரையும் ஒவ்வொரு வகையில் போட்டுப் பார்த்தேன். த.ஆ. நான்கு. பி.டி. சார் தானாகவே வந்து ஒன்றில் சேர்ந்தார். "நான் கணவாய் எறங்கறப்ப பிரேக்கே புடிக்க மாட்டேங்க டீச்சர்." என்னை எதிலும் போடவில்லை. தேர்வு வைப்பவர் தேர்வு எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பொருள் நுழைந்ததே கிடையாது. கணித ஆசிரியையாக இருந்தும் ஒரு குவார்ட்டர் எத்தனை மி.லி. என்று தெரியவில்லை. கேட்டேன். பி.டி. சார் நான் கேட்டு முடிப்பதற்குள் "நூத்தி எம்பது" என்றார். பிறகு சமாளித்தார். "ஆனா சளிக்குக் குடுக்கற பிராந்தி இந்தக் கணக்குல வராதுங்க. அது மருந்து. எங்க வூட்டுல கைக்கொழந்தைக்கே ரெண்டு சொட்டு பால்ல விடுவாங்க."

"கணக்குல வராதுன்னு யாரு சொன்னது?"

"எல்லாருந்தாங்க."

அவர் பந்தயமும் கட்டினார். "நம்ம கிளாஸ்ல குடிக்கறவன்னா அது சபரிதான். அவன் கண்ணப் பாருங்க."

பார்த்திருக்கிறேன். சாதாரணக் கண்.

நவம்பர் 19, புதன்

வெயில், தூறல், வெயில். இரண்டாம் பீரியடில் தாளைக் கொடுத்தேன். நான் சொன்னவை, சொன்ன வரிசையில்:

1. பெயர் எழுதக் கூடாது.
2. பேசக் கூடாது.
3. நன்றாக யோசித்துச் சரியான விடையை மட்டும் டிக் செய்யவும்.
4. முடித்தவர்கள் திருப்பிப் பார்க்கவும்.

பதினெட்டு வருடமாகச் சொல்லிவருவது. வாய் தானாகச் சொன்னது.

"எத்தன மார்க்குங்க மிஸ்?"

"மார்க் கெடையாது."

வகுப்பு நம்பவில்லை.

சபரி: "சாகசம்னா இன்னாங்க மிஸ்?"

"பஸ் படியில தொங்கறது."

"அப்ப ஆமான்னு போடலாங்களா?"

"உனக்கு என்ன தோணுதோ அதப் போடு."

"எனக்குத் தோணறதப் போட்டா நீங்க மூணு மார்க்குதானங்க குடுப்பீங்க."

வெளியே நிற்க வைத்திருக்கலாம். பதில் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். அரை மணியில் முடிந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பெருமையாக இருந்தது.

மாலை 3.15. எண்ணிக் கட்டி வைக்க உட்கார்ந்தேன். முதல் மூன்று தாளும் ஒன்று போல. பத்தாவதும். இருபதாவதும். காப்பியடித்தவர்களைச் சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது. தவறை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தவறு கிடைத்தது, பதினேழாம் கேள்வியில்.

கேள்வி: மது அருந்துவது உண்டா? 'ஒருபோதும் இல்லை'யில் ஒரு டிக். அதன் மேல் நெளிநெளியாக ஓர் அடித்தல். பிறகு 'வாரம் ஒருமுறை'யில் டிக்.

முப்பத்தாறு தாளில் அதே டிக், அதே அடித்தல், அதே நெளிவு. சிலர் நெளிவை மூலத்தைவிட அழகாகப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மீதி இரண்டில் ஒன்று, கண்ணாடி உடைந்துபோய் ஒரு வாரமாகப் பக்கத்து ஆளையே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுடையது. இன்னொன்று சபரியுடையது. பேர் எழுதாவிட்டாலும் அந்த எண்ணெய்க் கைரேகை தெரியும். பதினொன்று வரை எல்லாவற்றுக்கும் 'ஆம்'. அதற்கு மேல் காலி.

ஆக, என் ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தாறு பேர் வாரம் ஒருமுறை குடிக்கிறார்கள். முப்பத்தாறு பேருக்கும் சாகசம் பிடிக்காது. முப்பத்தாறு பேருக்கும் நெஞ்சு படபடத்தால் பயம். ஒரே வகை, நான்காவது.

இந்த வகுப்பு மூன்று வருடமாக ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் எழுதுகிறது.

தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திறந்து பார்த்தேன். பூட்டினேன். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவள் பெயரை இங்கே எழுதலாம் என்று பேனா எடுத்தேன். மூன்று வருடம் எழுதாததை இப்போது எழுத வேண்டாம்.

நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை. இருந்திருக்கலாம், யாராவது லீவு விட்டிருப்பார்கள்.

அலமாரிக்கு இன்னொரு சாவி த.ஆ.விடம் இருப்பது மறந்துபோனது. சேலத்துப் பெண் போனில் எத்தனை தாள் என்று கேட்டாளாம். எண்ணப் போனவர் படித்துவிட்டார்.

"முப்பத்தாறு பேரா டீச்சர்? என் ஸ்கூல்லயா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். தண்ணீர் குடித்ததும் தெளிவு வந்தது. அதுதான் ஆபத்து.

"ஒருத்தன் ஆரம்பிச்சு வெச்சிருக்கான். மத்ததெல்லாம் அவன் மெரட்டிப் போட வெச்சது. சபரிதான்."

"அவன் தாள்ல பதினேழு காலி சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். குடிக்காதவன் எதுக்குக் காலியா வுடறான்?"

பதினெட்டு வருடத்தில் எந்தத் தலைமை ஆசிரியரையும் தர்க்கத்தால் வென்றதில்லை. முடிவுகள்: திங்கட்கிழமை சபரியின் அப்பாவை வரவழைத்து டி.சி. கொடுப்பது. மற்றவர்களுக்குப் புதுத் தாள் கொடுத்துப் பதினேழில் 'இல்லை' போடச் சொல்வது.

மதியம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் சபரியைப் பிடித்தேன்.

"நீ குடிப்பியா?"

"எங்கப்பா குடிக்கறது பத்தாதுங்களா மிஸ்? அந்த வாடையே எனக்கு ஆவாதுங்க."

"அப்ப ஏன்டா பாதியில நிறுத்தின?"

"பதினொண்ணு வரைக்கும் நானே போட்டேங்க. அப்பறம் திரும்பிப் பாத்தா எல்லாரும் வேற போட்டிருக்காங்க. செரி, நம்மது தப்புன்னு வெச்சிட்டேன்."

"எல்லாரும் யாரப் பாத்துப் போட்டாங்க?"

சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்ட மாதிரி பார்த்தான். "யாரப் பாத்துங்க போடுவாங்க? பதினேழுல அவ டிக்க அடிச்சா. அதையும் அடிக்கணுமான்னு பின்னாடி பெஞ்சுலேர்ந்து ஜாடையில கேட்டாங்க. அடிக்கணும்னு ஜாடையிலயே வந்துச்சு."

போகச் சொன்னேன். போகாமல் ஒரு சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அவள ஒண்ணும் கேட்டுறாதீங்க மிஸ். திங்கக்கெழமன்னாலே காலைல அவளுக்குக் கை ஒதறும். நீங்க பாத்ததில்லீங்களா?"

பார்த்ததில்லை. விடைத்தாளைத்தான் பார்த்திருக்கிறேன். எழுத்து எப்போதும் நேராக இருக்கும்.

உண்மையைச் சொன்னால் மாட்டுவது அவள். சொல்லாவிட்டால் சபரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு விடை வேண்டும். கணக்கில் என்றால் படி படியாகப் போட்டிருப்பேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலை வழிபாட்டுக்கு முன் த.ஆ.விடம் போனேன். பஸ்ஸில் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சார், தப்பு என்னோடது. எப்பிடி டிக் போடணும்னு காட்டறதுக்கு ஒரு தாளை அப்பிடியே போர்டுல எழுதிப் போட்டேன். மாத்தணும்னா எப்பிடி அடிக்கறதுன்னு பதினேழ வெச்சுக் காட்டினேன். பசங்க போர்டப் பாத்து எழுதிட்டாங்க."

"நீங்களா டீச்சர்?"

"நான்தான் சார்."

"அப்ப நம்ம பசங்க குடிக்கலையா?"

"போர்டப் பாத்து எழுதினாங்க சார்."

ஒரு மனிதர் முகத்தில் இத்தனை மகிழ்ச்சியை அவர் மகள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. உடனே நம்பினார். போர்டில் இருப்பதை எதுவானாலும் எழுதிக்கொள்வார்கள் என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். 'கவனக்குறைவால்' என்ற சொல் இரண்டு இடத்தில். சபரியின் அப்பாவைக் கூப்பிடுவது ரத்து. இது எதுவும் சபரிக்குத் தெரியாது. பி.டி. சார் இன்னும் பந்தயத்தில் இருக்கிறார்.

பதினொரு மணிக்குச் சேலத்துப் பெண் வந்தாள். சின்னப் பெண், பெரிய பை. த.ஆ. புதிதாக எழுதி வாங்கித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். உறவுக்காரப் பிள்ளை ஒன்று குடிக்கிறது என்று ஆரம்பித்தேன்.

அவள் சொன்னது: "அடங்காத பசங்களத்தான் எல்லாரும் பாப்பாங்க மேடம். பயந்த பிள்ளைங்க குடிச்சா கண்ணுக்கே தெரியாது. அவங்க ஜாலிக்குக் குடிக்கறதில்ல, நெஞ்ச அடக்கறதுக்கு. திட்டாதீங்க. எதுக்கு பயப்படறாங்கன்னு பாருங்க. பக்குவமா ஒரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க." பிறகு, "எந்த கிளாஸ் மேடம்?"

பஸ் வந்தது. நல்ல வேளை.

நாலு மணிக்கு மு.ரா.வை நோட்டுத் தூக்கிவர என்று நிறுத்திக்கொண்டேன். நோட்டு இல்லை என்பது இருவருக்கும் உடனே தெரிந்தது.

"பிராந்திங்க மிஸ். சளிக்குன்னு அம்மா வாங்கி வெச்சிருப்பாங்க."

எப்போதிலிருந்து?

"எட்டாவதுலேர்ந்துங்க. ஒரு திங்கக்கெழம சளி. அம்மாதான் ஒரு மூடி குடுத்தாங்க. அன்னிக்கி கை ஒதறல. எழுத்து நேரா வந்துச்சு. மார்க்கு படிக்கறப்ப தொண்ட அடைக்கல."

"இப்பவும் ஒரு மூடிதானா?"

"ரெண்டுங்க." தரையைப் பார்த்தாள். "மூணுங்க. வாசனை தெரியாம இருக்கக் கிராம்பு மெல்லுவேங்க."

"எதுக்குப் பயம்? எப்பவும் இருவதுதான வாங்கற?"

"எம் மார்க்குக்கு இல்லீங்க மிஸ். மத்தவங்களுத நின்னு படிக்கணுமில்லீங்க. சபரிக்கு மூணுன்னு நான் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு நாளைக்கு எனக்கு மூணு வந்தா யாரு படிப்பாங்கன்னு நெனச்சுப்பேன்."

நானே கண்டுபிடித்த முறை. ஐந்து நிமிட ஓய்வு.

இல்லை என்று போட்டதை ஏன் அடித்தாய் என்றும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்கதானங்க மிஸ் சரியான விடைய மட்டும் போடச் சொன்னீங்க."

அந்த வகுப்பில் என் சொல்லைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

போகும்போது: "அம்மாகிட்ட சொல்லிருவீங்களா? ஸ்கூல நிறுத்திட்டுக் கடையில உக்கார வெச்சுருவாங்க."

பார்க்கலாம் என்றேன். எல்லா பதில்களிலும் மோசமான பதில்.

நவம்பர் 22, சனி

விடுமுறை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி அலசினேன். இவர் இருமிக்கொண்டே கடைக்குப் போனார். மருந்து இன்னும் வாங்கவில்லை. பதினொரு மணிக்கு மருந்து வாங்கக் கிளம்பியவள் தொப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவள் அம்மாவின் சாப்பாட்டுக் கடை நெடுஞ்சாலை ஓரம். நாலு பெஞ்சு, லாரிக்காரர்கள். மு.ரா. இல்லை, மாவு அரைக்கப் போயிருந்தாள். அம்மா என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்தார், துடைத்ததை இன்னொரு முறை துடைத்தார். மு.ரா.வின் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது.

"எம் பொண்ணோட டீச்சருங்களா? உக்காருங்க. திங்கக்கெழமன்னா காலைல சோறே எறங்காதுங்க அதுக்கு. நீங்க குடுக்கற பயந்தாங்க அத மொத ஆளா நிறுத்தி வெச்சிருக்குது. வுட்டுறாதீங்க டீச்சர்."

இரண்டு தோசை சாப்பிட்டேன். ருசி நினைவில்லை. மஞ்சள் தூள் டப்பாவுக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் அலமாரியில் அந்தப் பாட்டில். நான் முதன்முதலாக அருகில் பார்ப்பது. தேநீர் டிகாக்ஷன் போல நிறம். தோசை தொண்டையில் மாட்டி இருமினேன்.

"சளிங்களா டீச்சர்? இருங்க, ஒரு மூடி..." கை பாட்டில் வரை போய்விட்டது. என் முக்காட்டைப் பார்த்ததும் நின்றது. "அய்யோ, நீங்க தொட மாட்டீங்க இல்ல. மன்னிச்சுக்கோங்க."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் சொன்னது: "இந்த மாதிரி மருந்தெல்லாம் பிள்ளைங்க கைக்கு எட்டாம வெச்சா நல்லதும்மா."

"எம் பொண்ணுங்களா? அது நிமுந்து பாத்துப் பேசாதுங்க. அந்தச் சபரிப் பையனாட்டம் இருந்தாச் சொல்லுங்க, செரி."

ஒரு டிரைவர் சட்னி கேட்டார். அம்மா போய்விட்டார். காசு வாங்கவில்லை. எழுந்து வரும்போது அலமாரி மேல்தட்டைக் கண்ணால் அளந்தேன். ஸ்டூல் போட்டால் எட்டும்.

இருமல் மருந்து வாங்கவில்லை. தர்மபுரி வந்த பிறகுதான் நினைவு.

நவம்பர் 23, ஞாயிறு

குளிர். மிச்சமிருந்த ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நானே டிக் செய்தேன், யாரையும் பார்க்காமல். கைகள் அடிக்கடி சில்லிடுவது உண்டா? ஆம். செய்த தவறை மறுபடி மறுபடி நினைப்பது உண்டா? ஆம். பூட்டியதை மறுபடி பார்ப்பது? அப்படி ஒரு கேள்வி இல்லை, இருந்தால் அதற்கும் ஆம். நான்காம் வகை. பதினேழு: 'ஒருபோதும் இல்லை'. என் கைக்கு எட்டும் தூரத்தில் பாட்டில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் பழக்கத்தில் நாளைக்கு வினாத்தாள் எழுதினேன். நாலு கணக்கு, இருபது மதிப்பெண். எழுதி முடித்துக் கிழித்தேன்.

முடிவு: திங்கள் தேர்வு இனி கிடையாது. மதிப்பெண் வாசிப்பது கிடையாது. இந்த வாரம் அம்மாவையும் அவளையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது, பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டேன் என்று அம்மாவிடம் முதலில் வார்த்தை வாங்கிக்கொண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான டாக்டர் எந்தக் கிழமை என்று விசாரிப்பது.

பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் 'நாளை கணிதத் தேர்வு இல்லை' என்று தட்டினேன். குழுவில் த.ஆ. இருக்கிறார். ஏன் இல்லை என்று கேட்பார். விளக்கம் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகிறது. அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்தேன்.

காலையில் நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

இவருக்கு இன்னும் இருமல்.

நவம்பர் 24, திங்கள்

நல்ல வெயில். கணவாய் பளிச்சென்று. பஸ் சரியான நேரத்துக்கு, ஐந்து நிமிடம் முன்னதாகவே.

முதல் பீரியட். வினாத்தாள் இல்லாமல் போனேன். "இன்னிக்கி டெஸ்ட் இல்ல. இனிமே எந்தத் திங்கக்கெழமையும் இல்ல. மார்க் படிக்கறதும் இல்ல."

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பெஞ்சு தட்டல். சபரி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டான். "இன்னிக்கி எனக்கு நாலு வந்திருக்கும் மிஸ். போச்சு."

மு.ரா. மட்டும் சிரிக்கவில்லை. கணக்கு நோட்டு மூடியிருந்தது. அதன் மேல் இரண்டு கையும். கை உதறவில்லை. பக்கத்தில் போனேன்.

கிராம்பு.

"நேத்தே சொல்லியிருக்கலாமேங்க மிஸ்."